பாப்பம் என்றொரு விசா

கடந்த சனிக்கிழமை மாலை, சுவிஸின் பாடன் நகரில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில், அத்தானும் மச்சானும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

காணிச் சண்டையாக இருந்தால் நான் எழுதமாட்டேன். அது உங்கள் வீட்டிலும் நடக்கும். இது இரண்டு அமெரிக்கக் கல்லூரி மாணவர்களைப் பற்றிய சண்டை. ஒருவன் இப்போது படித்துக்கொண்டிருப்பவன். மற்றவர் முப்பது வருடங்களுக்கு முன்னர் படித்தவர் — இப்போது பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடும் வயது. சண்டை பிடித்தவர்கள் அந்த இருவரையும் நேரில் கண்டதில்லை. அமெரிக்காவுக்கே போனதில்லை.

இருந்தாலும் குரல் உயர்ந்தது... சமையலறையில் ரோல்ஸ் பொரியும் சத்தத்தையும், தொலைக்காட்சியில் ஓடிய ஆட்டத்தின் ஆரவாரத்தையும் மீறி.

விஷயம் இதுதான். அந்த இரண்டு பேரில் யாருக்கு ஆற்றல் அதிகம்?

என் பத்தியில் விளையாட்டு வருவதில்லை என்பது தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். எனக்கு அதில் ஆர்வமும் இல்லை, அறிவும் இல்லை. அந்த வீட்டுக்கு நான் போனது வதனிக்காக. வதனி திருமணத்துக்கு முன்னர் பேர்ணில் என் பக்கத்து வீட்டில் இருந்தவள். அவள் கணவர் குகன்தான் சண்டையின் ஒரு தரப்பு. மின்சார இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் மெக்கானிக், ஐம்பது கடந்தவர். மறு தரப்பு வதனியின் தம்பி ஜெகன். சூரிச்சில் காப்புறுதி நிறுவனமொன்றில் வேலை. மனிதர்கள் எத்தனை வயதுவரை இருப்பார்கள் என்று கணக்குப் பார்ப்பது அவர் தொழில். சனிக்கிழமைகளில் அதே கணக்கை அமெரிக்க உதைபந்தாட்டத்துக்குப் போடுவார்.

அதற்கு ஏன் உதைபந்தாட்டம் என்று பெயர் வைத்தார்கள் என்று கேட்காதீர்கள். காலால் உதைப்பது அபூர்வம். இரண்டு பக்கமும் கூரான பந்து. பின்னால் நிற்கும் ஒருவர் அதை வீசுவார். மைதானத்தின் ஓரத்தில் தனியாக நிற்கும் இன்னொருவர், வீச்சுக்கு முன்னமே ஓடத் தொடங்கி, ஓடியபடியே திரும்பி, வந்து சேரும் பந்தைப் பிடிக்க வேண்டும். அவருக்குத்தான் வைட் ரிசீவர் என்று பெயர். பிடித்தால் கதாநாயகன். விட்டால், முழு மைதானமும் பார்க்கத் தனியாக நிற்கும் ஆள்.

“அத்தான், நம்பரைப் பாருங்கோ. இவன்ர ஒரு சீசன், உங்கட ஆளின்ர முழுக் கல்லூரிக் காலத்துக்கும் சமன்.” ஜெகன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார்.

“நம்பர் பந்து பிடிக்குமோ, மச்சான்? அப்ப வீசினதே குறைவு. இப்ப விடிஞ்சாப் பொழுதுபட்டா வீசிறாங்கள். ரிசீவரைத் தொட்டா விசில் ஊதிறாங்கள். அந்தக் காலத்தில இடிச்சு, தள்ளி, மூச்செடுக்க விடமாட்டாங்கள். அதுக்குள்ள நிண்டு பிடிச்சவன் அவன்.”

“அதுக்குத்தானே காலத் திருத்தம் போட்டிருக்கிறன். வீச்சுக் குறைவுக்கு ஒரு திருத்தம், இடிக்கு ஒரு திருத்தம்...”

“கையுறைக்குப் போட்டனியோ?”

“அதென்ன கையுறைக்கு?”

“பாத்தியே! இப்பத்தைய கையுறையில பந்து பல்லி மாதிரி ஒட்டும். அவனுக்கு எங்க அது? மார்ச் மாதக் குளிரில, வெறுங்கையோட, விரல் விறைச்சுப்போய்... எங்களுக்கு ஆரும் கையுறை தந்தவையோ?”

கவனித்தீர்களா? ‘அவனுக்கு’ என்று தொடங்கிய பேச்சு ‘எங்களுக்கு’ என்று முடிந்துவிட்டது. பத்திரிகையில் பிரதி திருத்திய காலத்தில் இப்படியான இடங்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுவேன். எழுவாய் மாறும் இடத்தில் பெரும்பாலும் ஒரு கதை இருக்கும்.

இங்கேயும் இருந்தது.

குகன் சுவிஸுக்கு வந்தபோது பதினைந்து வயது. அண்ணன் டாவோஸில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அதிகாரிகள் தம்பியை அங்கே விடவில்லை. ஆர்காவ் என்ற வேறு மாநிலத்துக்கு அனுப்பினார்கள். பாடனில் தொழிற்பயிற்சி. அதே தொழிற்சாலையில் ஓர் அமெரிக்க எஞ்சினியர், தன் ஊர் விளையாட்டை மறக்க முடியாமல், வேலை முடிந்த பிறகு இளைஞர்களைச் சேர்த்து ஓர் அணி நடத்தி வந்தார். ஒரு மதிய இடைவேளையில் யாரோ யாருக்கோ எறிந்த ஆப்பிள் தவறிப் போக, அந்தப் பக்கமாக நடந்து போன குகன் திரும்பிப் பார்க்காமலே அதை ஒற்றைக் கையால் பிடித்தார்.

எங்கே பழகினாய் என்று எஞ்சினியர் கேட்டாராம். கிரிக்கெட் என்று பதில். பந்து வரும்போது கையை எதிர்த்து நீட்டாமல், பந்தோடு சேர்த்துப் பின்னுக்கு இழுத்து வாங்கும் பிடி. அதற்குப் பிறகு மூன்று சீசன்கள், அந்த அணியின் ரிசீவர் குகன்தான்.

பிறகு அந்த எஞ்சினியர், தான் படித்த கல்லூரியில் கதைத்தார். கோடைகாலப் பயிற்சிக்கு வரச்சொல்லி அங்குள்ள கோச் தொலைபேசியில் குகனிடமே சொன்னார். குகனுக்கு இருபது வயது. கால்கள் இருந்தன, கைகள் இருந்தன, அழைப்பு இருந்தது.

அத்துடன் சுவிஸின் எஃப் விசாவும் இருந்தது.

எங்கள் வாசகர்களில் பாதிப்பேருக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. மற்றப் பாதிக்காக: அகதி விண்ணப்பத்தை ஏற்கவும் இல்லை, ஊருக்குத் திருப்பி அனுப்பவும் இல்லை என்றால் தருவது. ‘தற்காலிகமாக உள்ளே விடப்பட்டவர்’ என்று அர்த்தம். இருக்கலாம், வேலை செய்யலாம், வருடா வருடம் புதுப்பிக்கலாம். எல்லை தாண்ட முடியாது. பாடனிலிருந்து ஜெர்மன் எல்லை ஒரு குட்டித் தூக்கத்தின் தூரம். அதுவே முடியாது எனும்போது அமெரிக்கா எங்கே?

எஃப் போய், எல்லை தாண்ட விடும் வேறோர் எழுத்து விசாவில் வந்தபோது குகனுக்கு முப்பது. கல்லூரி ரிசீவருக்கு அது பாட்டன் வயது.

“எனக்கு ஏலும் எண்டு கோச் சொன்னவர், அக்கா.” இந்த வாக்கியத்தை அவர் சொல்லி நான் பல தடவை கேட்டிருக்கிறேன். ஜெகனின் திரையில் ‘பொட்டென்ஷியல்’ என்று ஒரு தலைப்பு இருந்தது. அகராதிகள் அதற்கு ‘உள்ளாற்றல்’ என்று எழுதும். யாழ்ப்பாணத்தில் மூன்றெழுத்துப் போதும் — ஏலும். ஆனால் அந்தச் சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதற்கு நேரான இறந்தகாலம் எங்கள் பேச்சில் இல்லை. ‘ஏலாமப் போச்சு’ என்று தோல்வியைச் சுலபமாகச் சொல்லலாம். ‘அப்போது ஏலும்’ என்பதைச் சொல்ல, ‘ஏலுமாயிருந்தது’ என்று சொல்லை இழுத்து நீட்ட வேண்டும். குகன் அந்தச் சிரமத்தை எடுப்பதில்லை. ஐம்பது கடந்த முழங்கால்களோடு, இன்றைக்கும், ‘எனக்கு ஏலும்’ என்றுதான் சொல்வார்.

சிரிக்காதீர்கள். எங்கள் ஒவ்வொருவரிடமும் இப்படி ஒன்று இருக்கிறது. பேர்ணில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் முப்பது வருடம் வேலை செய்த ஒருவரை எனக்குத் தெரியும். இங்கே பிறந்திருந்தால் விமானி ஆகியிருப்பேன் என்பார். ஆகியிருக்கலாம். யார் கண்டார்? நான்கூட... சரி, அது இப்போது வேண்டாம். எங்கள் தலைமுறையை மறித்த எல்லைகள் உண்மையான எல்லைகள். கற்பனை அல்ல. ஆனால் மறிக்கப்பட்ட பந்தயத்தில் நாங்கள் எல்லோருமே முதலாவதாக வந்துகொண்டிருக்கிறோம் என்பதும் உண்மைதான்.

கதவு திறந்தது. குகனின் மகள் மிதுலா உள்ளே வந்தாள்.

இருபது வயது. பக்கத்து ஊரில் பொறியியல் படிக்கிறாள். பயிற்சியிலிருந்து நேரே வந்திருந்தாள். காலணியில் புல், இடுப்புப் பட்டியில் இரண்டு பக்கமும் நாடா. பெண்கள் விளையாடும் இந்த வகை ஆட்டத்தில் ஆளை இடித்து விழுத்துவதில்லை. நாடாவை உருவினால் ஆட்டம் நிற்கும். மற்றபடி அதே பந்து, அதே ஓட்டம். அவள் நிற்பது எந்த இடம் என்று நினைக்கிறீர்கள்?

ரிசீவர்தான். சின்ன வயதில், ஆற்றோரப் புல்வெளியில், அப்பா வீச வீசப் பிடித்துப் பழகியது.

அமெரிக்காவின் நடுப்பகுதியில், சோளக்காடுகளுக்கு மத்தியில், ஒரு சின்னக் கல்லூரி. அங்கே பெண்கள் அணி இருக்கிறது. மிதுலாவின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, இரண்டு வருடங்களுக்கு வா, இங்கே படி, எங்களுக்கு விளையாடு என்று கூப்பிட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். சில கிழமைகளுக்கு முன்னரே அப்பாவிடம் கேட்டுவிட்டாள்.

அப்பா சொன்ன பதில்: “பாப்பம்.”

அடுத்த கிழமை கேட்டாள். “பாப்பம்.”

இந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். ‘பார்ப்போம்’ என்பதுதான் தேய்ந்து ‘பாப்பம்’ ஆனது. கண்ணால் காண்பது என்று பொருள். ஆனால் எங்கள் வீடுகளில் யாராவது எதையாவது பார்ப்பதற்காக இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நாய்க்குட்டி வாங்குவமோ? பாப்பம். சிநேகிதி வீட்டில் தங்கட்டோ? பாப்பம். இல்லை என்று சொன்னால் பிள்ளை அழும். ஓம் என்றால் நாங்கள் அழ வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல். இங்கே பிறந்த பிள்ளைகள் ஆனா, ஆவன்னாவுக்கு முன்னரே அதன் உண்மையான பொருளைப் படித்துவிடுகிறார்கள்.

வதனி ஒருமுறை இதில் மாட்டிக்கொண்டாள். மிதுலா மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, பனிச்சறுக்கு முகாமுக்குப் பிள்ளையை அனுப்புவீர்களா என்று ரீச்சர் கேட்டிருக்கிறார். வதனி ‘பாப்பம்’ என்பதை அப்படியே ஜெர்மனில் சொல்லியிருக்கிறாள். ரீச்சர் உடனே டயரியைத் திறந்து, பேனாவை எடுத்து, “நல்லது. எப்போது பார்க்கலாம்?” என்றாராம்.

அந்தக் கேள்விக்கு எங்கள் மொழியில் பதில் இல்லை. மிதுலா முகாமுக்குப் போனாள்.

சரி... சனிக்கிழமைக்கு வருகிறேன்.

மிதுலா காலணியைக்கூடக் கழற்றாமல் கதவோரத்தில் நின்று சண்டையைக் கேட்டாள். பிறகு கேட்டாள்:

“ஜெகன் மாமா, அப்பாவையும் என்னையும் போட்டுப் பாருங்கோவன்.”

“என்னத்தில?”

“உங்கட ஃபோர்முலாவில. ரெண்டு காலம், ரெண்டு ரிசீவர். ஆருக்குக் கூட ஏலும் எண்டு வரட்டும்.”

ஜெகனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. வீட்டு வெப்பநிலை மாறுவது இந்த மாதிரி மனிதர்களுக்குக் கடைசியாகத்தான் தெரியும்.

“நல்ல யோசனை! அத்தானுக்குக் கையுறை இல்லை. திருத்தம். இடி... திருத்தம். உனக்கு இடியே இல்லை, அதால அத்தானுக்கு இன்னும் கொஞ்சம்.”

“நாடாவோட ஓடுறது லேசெண்டு நினைக்கிறியளோ? ஒரு விரல் பட்டாலே முடிஞ்சுது.”

“பொறு பிள்ளை, உனக்கும் வரும். அத்தானுக்குப் பந்து வீசினவன் ஆர்?”

“ஒரு பேக்கரிக்காரப் பெடியன்,” என்றார் குகன். “விடிய மூண்டு மணிக்கு எழும்பிறவன். பின்னேரம் நித்திரை தூங்கித் தூங்கித்தான் வீசுவான்.”

“அப்ப அதுக்கும் திருத்தம்!”

எல்லோரும் சிரித்தார்கள். மிதுலாவும் சிரித்தாள். சிரிப்பு அடங்கிய பிறகு, அதே குரலில் கேட்டாள்:

“எஃப் விசாக்கு என்ன திருத்தம், மாமா?”

ஜெகனின் விரல்கள் விசைகளின் மேல் நின்றன. “அதுக்கு... அதுக்கு முழுக்கக் குடுக்கத்தான் வேணும். விட்டிருந்தாப் போயிருப்பார் எண்டு வைக்க வேணும். அது அவரின்ர பிழை இல்லையே.”

“அப்ப எனக்கும் அதையே போடுங்கோ.”

“உனக்கு ஏன்? உன்னட்டச் சிவப்புச் சுவிஸ் பாஸ்போட் இருக்கு.”

“பாஸ்போட் இருக்கு. ஆனா நான் கேட்டதுக்கு ஓமும் வரேல்லை, இல்லையும் வரேல்லை. இருக்கலாம், படிக்கலாம், ட்ரெய்னிங் போகலாம். எல்லை மட்டும் தாண்டேலாது. ஒவ்வொரு கிழமையும் புதுப்பிச்சுத் தருகினம்.”

“மிது!” என்றார் குகன்.

“ஓம் அப்பா. நீங்கள்தான் எனக்கு எஃப் விசா.”

தொலைக்காட்சியில் யாரோ அருமையாக ஒரு பந்தைப் பிடித்திருக்க வேண்டும். அரங்கம் ஆர்ப்பரித்தது. எங்களில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

குகனுக்குக் கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. முகம் மட்டும் கொஞ்சம் சிறுத்தது.

“உனக்கு இருபது வயசு,” என்றார் மெதுவாக. “போறதெண்டாப் போவன். ஆர் உன்னைக் கட்டி வச்சிருக்கினம்?”

“கேக்காமல் போயிருக்கலாம் அப்பா. கேட்டிட்டன். இனி மறுமொழி இல்லாமப் போகேலாது.” அவள் அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். “இல்லை எண்டாலும் சொல்லுங்கோ. ஒரு நாள் அழுவன், பிறகு யோசிப்பன். பாப்பம் எண்டு மட்டும் சொல்லாதைங்கோ.”

வதனி ரோல்ஸ் தட்டோடு சமையலறை வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. கணவரைப் பார்த்துச் சொன்னாள்:

“நான் அண்டைக்கே ரீச்சரிட்டப் பிடிபட்டிட்டன். இண்டைக்கு உங்கட முறை.”

குகன் எழுந்து பால்கனிக்குப் போனார்.

நானும் போனேன். கூப்பிடாத இடத்துக்குப் பின்னால் போவது பத்திரிகை வேலையில் ஒட்டிக்கொண்ட கெட்ட பழக்கம். கீழே ஆறு. அதற்கு மேலே அவர் வேலை செய்யும் தொழிற்சாலைக் கூரை. சூரிச் போகும் ரயில் ஒன்று விளக்குகளோடு பாலத்தைக் கடந்தது.

“பொம்பிளைப் பிள்ளை, தனிய எண்டோ யோசிக்கிறியள்?” என்று கேட்டேன்.

“அது சனம் கேட்டாச் சொல்லுறதுக்கு, அக்கா.”

“படிப்போ?”

“படிப்பு எங்க ஓடப் போகுது? திரும்பி வந்து, விட்ட இடத்திலயிருந்து தொடங்கலாம் எண்டு இஞ்ச அவள் படிக்கிற இடத்திலயே சொல்லிப்போட்டினம்.”

“அப்ப?”

குகன் கம்பியைப் பிடித்தபடி நின்றார். அந்தக் கைகளை நான் அதற்கு முன்னர் கவனித்ததில்லை. அவர் உடம்புக்குக் கொஞ்சம் பெரிய கைகள்.

“அங்க அவளைப் போல எத்தினை பேர் நிப்பினம்? அவளை விட ஓடுறவள் நிப்பாள். உயரமானவள் நிப்பாள். இஞ்ச அவள்தான் நல்ல ரிசீவர். அங்க போய், தனக்கு ஏலாதெண்டு கண்டுகொண்டு வந்தாளெண்டா?”

“வந்தா என்ன?”

“எனக்கு அப்பிடி ஒண்டும் தெரிய வரேல்லைத்தானே.” சிரிக்கப் பார்த்தார். “அது எவ்வளவு சுகம் எண்டு உங்களுக்குத் தெரியாது, அக்கா. விசாவை நான் முப்பது வருசமாத் திட்டுறன். ஆனா அது எனக்கு ஒரு நன்மையும் செய்திருக்கு. எனக்கு ஏலும் எண்டதை இண்டைவரைக்கும் ஒருத்தரும் பறிக்கேல்லை.”

இப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. மகளின் ஆசையை மறிக்கும் அப்பா என்றுதான் உள்ளே உட்கார்ந்து மனதுக்குள் தலைப்புப் போட்டிருந்தேன். தலைப்பு பிழை.

யோசித்துப் பாருங்கள். இரண்டு காலத்து ஆட்டக்காரர்களை ஒப்பிடும்போது பழையவர் ஏன் எப்போதும் கொஞ்சம் மேலே நிற்கிறார்? அவர் விட்ட பந்துகளை நாங்கள் மறந்துவிட்டோம். பிடித்தவை மட்டும் மிச்சம். அவரே அப்படியென்றால், மைதானத்துக்கே போகாதவர் எங்கே நிற்பார்? முப்பது வருடமாகக் குகனின் கையிலிருந்து ஒரு பந்தும் நழுவவில்லை. ஒவ்வொரு இரவும் கனவில் அழகாக வந்து கையில் விழுந்திருக்கும். அந்த நிம்மதியைத்தான் அவர் மகளுக்கும் கொடுக்கப் பார்த்தார். தன்னிடம் இருந்ததில் நல்லதைக் கொடுப்பதுதானே அப்பாக்களின் வழக்கம்?

ஆனால் எனக்கு வேறு ஒன்று உறுத்தியது. பிரதி திருத்துகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது யாரோ சொன்னதாக ஒன்றைச் சொன்னால், சரியான சொல் என்ன என்று கேட்காமல் இருக்க முடியாது.

“உங்கட கோச் அண்டைக்கு என்ன சொன்னவர்?”

“எனக்கு ஏலும் எண்டு—”

“அவர் தமிழ் கதைக்கிறவரோ?”

குகன் சிரித்துவிட்டார். “இல்லை அக்கா. இங்கிலீஷ்தான்.”

“இங்கிலீஷில என்ன சொன்னவர்?”

சிரிப்பு நின்றது. எவ்வளவோ காலமாக வேறு ஒரு சொல்லால் மூடி வைத்திருந்த ஒன்றை அவர் தேடுவது தெரிந்தது. இன்னொரு ரயில் போனது.

“‘கம் ஓவர்’ எண்டவர்,” என்றார். “‘கம் ஓவர். லெட்ஸ் ஸீ.’”

“அப்பிடியெண்டா?”

“வா எண்டு... வா, பாப்பம் எண்டு.”

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்த சொல் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

ஏலும் என்று அந்த மனிதர் சொல்லவே இல்லை. ஏலாது என்றும் சொல்லவில்லை. வா, பாப்பம் என்றார் — கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, ஓடிக் காட்டு என்று. இருபது வயதுப் பையன் ஒருவன் அன்று துள்ளிக் குதித்தது வாக்குறுதிக்காக அல்ல. யாரோ ஒருவர் தன்னைப் பார்க்க ஆயத்தமாக இருந்ததற்காக.

நல்ல பதில் வந்த பிறகு அடுத்த கேள்வி கேட்கக் கூடாது. அது தொழில்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் உள்ளே போனார். மிதுலா சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்திருந்தாள். கையில் ரோல், கடிக்கவில்லை. ஜெகன் மடிக்கணினியை மூடியிருந்தார். அவருக்கும் கடைசியில் வெப்பநிலை எட்டியிருந்தது.

“மிது,” என்றார் குகன், “அங்க உங்கட மட்சுகள் லைவில வருமோ?”

அவள் நிமிர்ந்தாள். “வரும். கல்லூரியே போடுது.”

“என்ன நாளில?”

“கூடுதலாச் சனிக்கிழமைதான்.”

“எத்தினை மணிக்கு?”

“அங்க மத்தியானம். இஞ்ச பின்னேரம் ஏழு.”

குகன் ஜெகன் பக்கம் திரும்பினார். “மச்சான், சனிக்கிழமை ஏழு மணிக்கு இந்த ரீவியில வேற ஒண்டும் போடேலாது. இப்பவே சொல்லிப்போட்டன்.”

“ரிமோட் எப்பவும் உங்களிட்டத்தானே அத்தான் இருக்கு?”

“அப்ப சரி.” குகன் மகளைப் பார்த்தார். “பாப்பம்.”

பழக்கதோஷத்தில் அவள் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு நிதானமாக, ஓர் அதிகாரியைப் போலக் கேட்டாள்:

“எந்தப் பாப்பம், அப்பா?”

“கண்ணால பாக்கிற பாப்பம்.”

வதனி தட்டை மேசையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரோல்ஸ் காரம் என்றாள். கடிக்காத ரோல்ஸ் எப்படிக் காரமாகும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மிதுலா கைபேசியை எடுத்து, நின்ற நிலையிலேயே, பதிலை எழுதத் தொடங்கினாள். இரண்டு பெருவிரல்களும் நாடா உருவும் வேகத்தில் ஓடின. குகன் அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ திருத்தம் சொன்னார். பிழையான திருத்தம். அவள் ஏற்கவில்லை.

“பிள்ளை, முதல் மட்சில பந்தை விட்டாலும் யோசிக்காதை,” என்றார் ஜெகன், தட்டிலிருந்து இரண்டாவது ரோலை எடுத்தபடி. “அத்தான்ர சாதனையை உன்னால முறிக்கேலாது. அவர் முப்பது வருசமா ஒண்டும் விடேல்லை.”

சோபாத் தலையணை ஒன்று ஜெகனின் தலையை நோக்கிப் பறந்தது. அவர் பிடிக்கவில்லை. கணக்கர்கள் பிடிப்பதில்லை.

நான் புறப்பட்டபோது வதனி வாசல்வரை வந்தாள். ஒரு பெட்டியில் ரோல்ஸ் கட்டித் தந்தாள்.

“வாற சனிக்கிழமையும் வாங்கோவன் அக்கா. இவள் போறதுக்கு முதல் எல்லாருமா இருந்து சாப்பிடுவம்.”

நாக்கின் நுனிவரை வந்துவிட்டது அந்தச் சொல். விழுங்கிவிட்டு, கைப்பையிலிருந்து டயரியை எடுத்தேன்.

“எத்தினை மணிக்கு?”